ஓட்டை போட்டது யாரு?

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. மார்ச் குளோசிங், ஆடிட்டு, டிரான்ஸ்ஃபர் லிஸ்ட் வருமோங்கற பயம்னு வழக்கமான காரணங்கள்தான். இன்னைக்கு எழுதப் போறது வட்டி விகிதம் பத்தி இல்ல. ஒரு நத்தையைப் பத்தி. "பி.காம் படிச்ச உனக்கு எதுக்குலே கடல் நத்தை?"ன்னு கேக்கறவங்க கொஞ்சம் பொறுமையா வாங்க. நடுவுல லோன் ஃபைல் ஒண்ணும் வருது.

போன டிசம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழமை. தாராவியில சித்தப்பா வீட்டுக்குப் போயிட்டு, சாயங்காலம் மாஹிம் கடற்கரைக்குப் போனோம். பிளாஸ்டிக் பைக்கும் தேங்காய் மட்டைக்கும் நடுவுல எங்க வாண்டு (நாலாவது படிக்கறா) ஒரு மட்டிச் சிப்பியைப் பொறுக்கிட்டு வந்தா. கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். ரெண்டு ஓடும் சேர்ற மூட்டுக்குப் பக்கத்துல, காம்பஸ் வச்சு வரைஞ்ச மாதிரி ஒரு ஓட்டை.

"அப்பா, இதுல யாரு ஓட்டை போட்டா?"

நான் திருச்செந்தூர் பக்கத்துக்காரன். சன்னதித் தெருவுல சிப்பி மாலை பாத்து வளர்ந்தவன். தயங்காம சொன்னேன், "மாலை கோக்கறதுக்கு யாராச்சும் போட்டிருப்பாங்கம்மா."

அவ பதில் பேசல. அரை மணி நேரத்துல அதே மாதிரி ஓட்டையோட இன்னும் ஏழு சிப்பி கொண்டுவந்து என் கையில கொட்டினா. "இங்க இத்தனை பேரா மாலை கோக்கறாங்க?"

தங்கமணி திரும்பி நின்னு சிரிச்சாங்க. எனக்குத்தான் மானம் போச்சு.

வீட்டுக்கு வந்ததும், சந்தேகமான நோட்டைப் பாக்க வச்சிருக்கற லென்ஸை எடுத்தேன். இருபது வருஷமா கையெழுத்தையும் வாட்டர்மார்க்கையும் பாத்த கண்ணு. ஓட்டையோட ஓரத்துல ஒரு கீறல் இல்ல, விரிசல் இல்ல. அது மட்டும் இல்ல, ஓட்டை வெளிப்பக்கம் அகலமா, உள்ள போகப் போக சரிஞ்சு குறுகுது. ஸ்க்ரூ தலை மரத்துக்குள்ள அமுங்கறதுக்கு ஆசாரி சரிவா குடைஞ்சு விடுவாரே, அதே மாதிரி. எட்டு சிப்பியும் அப்படித்தான். ஒரே ஆள் கைவரிசை!

மும்பையில 2017-ல ஆரம்பிச்ச 'மரைன் லைஃப் ஆஃப் மும்பை'ன்னு ஒரு குழு இருக்கு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி கடல் நல்லா உள்வாங்கற நேரம் பாத்து, பொதுமக்களைக் கரைக்குக் கூட்டிட்டுப் போய் அங்க இருக்கற உயிர்களைக் காட்டறாங்க. ஜனவரியில ஹாஜி அலி பாறைகளுக்கு நானும் வாண்டும் போனோம். தர்காவுக்கு எத்தனை தடவ அந்தப் பாதையில நடந்திருப்பேன்! கீழ பாறை இடுக்குல இவ்வளவு ஜனத்தொகை இருக்குன்னு ஒரு நாளும் குனிஞ்சு பாத்ததில்ல.

கூட வந்த தன்னார்வலர் பொண்ணுக்கு இருபத்தஞ்சு வயசு இருக்கும். என் சிப்பியை நீட்டினேன். அவங்க அதை வாங்கறதுக்கு முன்னாடி, "முதல்ல இவரைப் பாருங்க"ன்னு பாறையைக் காட்டினாங்க. பாறையில வெள்ளைக் கொப்புளம் மாதிரி ஒட்டிட்டிருந்த பார்னக்கிள் கூட்டத்து மேல சின்னதா ஒரு நத்தை. சாம்பலும் பழுப்புமா, தோள்பட்டையில முடிச்சு முடிச்சா இருக்கற தடிச்ச ஓடு. இந்தோதைஸ் லாசெராவாம். பழைய புத்தகத்துல தைஸ்னு போட்டிருக்கும். மியூரெக்ஸ் குடும்பம். பண்டைக்கால மத்தியதரைக்கடல் ராஜாக்களுக்கு ஊதாச் சாயம் கொடுத்ததும், நம்ம ஊர்ல விக்கற யானைமுள்ளிச் சங்கும் இதே குடும்பம்தான். தொழில், சிப்பியையும் பார்னக்கிளையும் தின்னறது.

"அடியில திருப்பிப் பாருங்க"ன்னாங்க. ஓட்டோட வாய் முழு வட்டமா இல்ல. ஒரு முனையில சின்னதா ஒரு பள்ளம், டீப்பாத்திரத்து மூக்கு மாதிரி. அது வழியா ஒரு குழலை வெளிய நீட்டி, தண்ணியில இரை வாசனை எங்கருந்து வருதுன்னு மோப்பம் பிடிக்குமாம். வாயில பள்ளம் இருந்தா வேட்டைக்காரன், வாய் முழு வட்டமா இருந்தா பாசி மேயற சாது. சிப்பி பொறுக்கறவங்க மத்தியில இது ஒரு குத்துமதிப்பு விதி.

எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. வங்கிக்காரனுக்கு இந்த மாதிரி ஒரு வரி விதின்னா உயிர். "அப்ப இவன்தான் குற்றவாளி!"ன்னேன்.

அந்தப் பொண்ணு இப்பத்தான் என் சிப்பியை வாங்கி வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தாங்க. "இல்ல அங்கிள். இவரும் ஓட்டை போடறவர்தான். ஆனா இவர் குடும்பத்து ஓட்டை நேரா இறங்கும், குழாய் மாதிரி. உங்க ஓட்டை சரிவா இருக்கு. அதோட இந்த மட்டி மணல்ல புதைஞ்சு வாழறது. இவர் பாறை ஆளு. ரெண்டு பேரும் சந்திக்கறதே கஷ்டம். மணல்ல தேடுங்க."

அடுத்த அமாவாசைக்கு ஜுஹு. தண்ணி வடிஞ்ச ஈர மணல்ல யாரோ விரலால இழுத்த மாதிரி வளைஞ்சு வளைஞ்சு ஒரு கோடு. கோட்டோட முடிவுல லேசா ஒரு மேடு. வாண்டு மெதுவா மணலை ஒதுக்கினா. உள்ள ஒரு நத்தை. உருண்டையா, பளபளன்னு, நெல்லிக்காய் அளவு. வெள்ளை ஓட்டுல வரிசை வரிசையா கரும்பழுப்புப் புள்ளி.

ஆங்கிலத்துல நிலா நத்தைன்னு சொல்ற நாட்டிசிடே குடும்பம். இந்தப் புள்ளிக்காரர் பேரு நாட்டிகா டைக்ரினா. இப்ப அதை பாராடெக்டோநாட்டிகா டைக்ரினான்னு மாத்திட்டாங்க. பேர்ல புலி, உடம்புல சிறுத்தைப் புள்ளி. பேரு வச்சவர்கிட்டதான் கேக்கணும். அதே மணல்ல இவரோட பெரிய பங்காளி ஒருத்தரும் உண்டு, நெவெரிட்டா டிடிமா. அவர் புள்ளி இல்லாத பழுப்பு, கொஞ்சம் தட்டையான உடம்பு. திருப்பிப் பாத்தா தொப்புள் குழியை மூடின மாதிரி ஒரு தடிப்பு, நடுவுல ஒரு வரிப்பள்ளம். கதவைப் பாத்தும் பிரிக்கலாம். உள்ள போய் சாத்திக்கற மூடி, புள்ளிக்காரருக்கு சுண்ணாம்பு மாதிரி வெள்ளையா கெட்டியா இருக்கும். பங்காளிக்கு நகம் மாதிரி பழுப்பா மெல்லிசா இருக்கும். நிறம் வெளுத்துப் போகும், ஓடு தேயும். அதனால அடிப்பக்கத்தையும் மூடியையும்தான் நம்பணும்னு சொன்னாங்க.

இதுல எனக்குப் பெரிய அதிர்ச்சி எது தெரியுமா? புள்ளிக்காரரைத் திருப்பிப் பாத்தேன். வாயில பள்ளம் இல்ல! வழவழன்னு சாது மாதிரி வாய். என் ஒரு வரி விதிப்படி இவர் பாசி மேயற பரமசாது. ஆனா மாஹிம் சிப்பியில ஓட்டை போட்டது இவர் ஜாதிதான்.

வேலை நடக்கற விதம் இப்படி. அகலமான கால் ஒண்ணு இருக்கு. அதால மணலுக்குள்ள கலப்பை மாதிரி உழுதுகிட்டே போவார். மட்டி கிடைச்சா காலாலயே போர்வை மாதிரி சுத்திப் பிடிச்சுக்குவார். உதட்டுக்கிட்ட ஒரு சுரப்பி. அதுல இருந்து அமிலமும் நொதியும் கலந்த ஒரு சாறு கசிஞ்சு ஓட்டை இளக்கும். பிறகு பல்லு நிறைஞ்ச ரிப்பன் மாதிரி நாக்கால இளகினதைச் சுரண்டி எடுப்பார். மறுபடி சாறு, மறுபடி சுரண்டல். அவசரமே இல்ல. மணிக்கணக்கா, ஓடு தடிப்பா இருந்தா ஒரு நாளுக்கும் மேல. ஓட்டை விழுந்ததும் குழல் மாதிரி வாயை உள்ள விட்டுச் சாப்பாடு. சிப்பி ரெண்டா உடையவே வேண்டாம். நம்ம ஏ.டி.எம். திருடனுங்க கூட இவ்வளவு சுத்தமா வேலை பாக்கறதில்ல.

சில சிப்பியில ஓட்டை பாதியில நின்னிருக்கும். அதோட அடித்தளத்துல நடுவுல மட்டும் ஒரு சின்ன மேடு தெரிஞ்சா, நிலா நத்தை ஆரம்பிச்சுட்டு விட்டுட்டுப் போன வேலை. அலை புரட்டி விட்டுச்சோ, மட்டி தப்பிச்சுதோ. வாண்டோட எட்டுல ஒண்ணு அப்படித்தான் இருந்துச்சு. அது ஓட்டை விழாமலே பொழைச்ச சிப்பின்னு அவ தனி டப்பாவுல வச்சிருக்கா. நிலா நத்தையை நிலா நத்தையே துளைச்சுத் தின்னறதும் உண்டு. இந்தக் குடும்பத் தொழில் இன்னைக்கு நேத்து ஆரம்பிச்சதில்ல. பத்து கோடி வருஷப் பழசான புதைபடிவச் சிப்பிகள்லயே இதே மாதிரி சரிவான ஓட்டை கிடைக்குது.

அங்கேயே ஈர மணல்ல சட்டைக் காலர் மாதிரி வளைஞ்ச ஒண்ணு கிடந்துச்சு. ஏதோ ரப்பர் குப்பைன்னு காலால தள்ளப் போனேன். அது அவங்க முட்டை. மணலையும் கோழையையும் சேர்த்துப் பிசைஞ்சு, உள்ள ஆயிரக்கணக்குல முட்டையை வச்சு உருட்டின காலர். ஜுஹுல பானி பூரி சாப்பிட வந்து எத்தனை பிரசவ வார்டை மிதிச்சிருக்கேனோ!

இனிமே லோன் ஃபைல்.

2003-ல நான் பம்பாய் வந்தப்ப தங்கினது தாராவியில, மாட்டுங்கா லேபர் கேம்ப் பக்கம், சித்தப்பா வீட்டு மாடியில. வேலைக்கு விண்ணப்பம் போடறப்ப முகவரியில 'மாட்டுங்கா'ன்னு மட்டும் எழுதினேன். லேபர் கேம்ப்பை விட்டுட்டேன், தாராவியைச் சுத்தமா விட்டுட்டேன். பொய்யும் இல்ல, உண்மையும் இல்ல. மாட்டுங்கான்னா கோயிலு, ஃபில்டர் காபி, வேட்டி கட்டின மாமாக்கள். தாராவின்னா எதிர்ல இருக்கறவங்க முகம் மாறிடும். தாராவியில வளர்ந்த பலர் 'சயான் பக்கம்'னு சொல்றதை நீங்களும் கேட்டிருப்பீங்க.

பத்து வருஷம் கழிச்சு நான் மேஜைக்கு இந்தப் பக்கம். நான் வேலை பாத்த கிளைக்கு (பேரு வேண்டாம்) தாராவியில இருந்து ஒருத்தர் வந்தார். திருநெல்வேலிக்காரர். தோல் பை தைக்கறவர். ரெண்டு மெஷின் வாங்கக் கடன் கேட்டார். கரண்ட் பில் ஒழுங்கா கட்டியிருந்தார். எட்டு வருஷமா தினச்சேமிப்பு கட்டின பாஸ்புக் இருந்துச்சு. கேள்வியெல்லாம் ஒண்ணுதான், முகவரி. எங்க வட்டாரத்துல 'நெகட்டிவ் ஏரியா'ன்னு ஒரு வார்த்தை உண்டு. வங்கியில இருக்கறவங்களுக்குத் தெரியும், மத்தவங்க அர்த்தத்தை ஊகிச்சுக்கோங்க.

"சார், ஒரு தடவ வந்து பட்டறையைப் பாத்துட்டுச் சொல்லுங்களேன்"னார். கிளையில இருந்து நடந்தே போயிடலாம். நான் போகல. ஃபைல்ல 'ஏரியா ப்ரொஃபைல் திருப்தியாக இல்லை'ன்னு ஒரு வரி எழுதி மூடினேன்.

விதிப்படிதான் செஞ்சேன்னு ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். உண்மை அது மட்டும் இல்ல. அந்தச் சந்துக்குள்ள மேலதிகாரியோட போறப்ப, "ஏல, நம்ம லேபர் கேம்ப் மாடிப் பையன்லா!"ன்னு யாராச்சும் கூப்பிட்டுட்டா? அந்தப் பயம்தான். இதை இதுவரைக்கும் தங்கமணிகிட்ட கூடச் சொன்னதில்ல. இப்ப படிச்சுத் தெரிஞ்சுக்குவாங்க.

ஜுஹுல இருந்து வந்த அந்த ராத்திரி ஏனோ இது ஞாபகம் வந்துச்சு. அதோட இன்னொண்ணும். தாராவிக்கு எதிர்ல, பழைய குப்பை மேட்டைக் காடாக்கி 1994-ல திறந்த மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா இருக்கு. அந்தப் பக்கம் மித்தி ஆறு மாஹிம் கழிமுகத்துல சேர்ற சேத்துல, அலையாத்தி மரத்தடியில, கறுப்பா நீளமா கூம்பு மாதிரி நத்தைகளை அந்தக் காலத்துல பாத்திருக்கேன். டெலஸ்கோப்பியம்னு இப்பத்தான் பேர் தெரியும். நாத்தம், சேறு, கறுப்பு. ஓட்டைத் திருப்பினா வாயில சின்னப் பள்ளமும் உண்டு. என் விதியையும் நான் நினைச்ச லட்சணத்தையும் சேத்தா, இவர் பெரிய ரவுடியா இருக்கணும். ஆனா இவர் சாப்பிடறது சேத்துல படிஞ்ச பாசியும் மக்கின இலையும். யாரையும் துளைக்கறவர் இல்ல. அதே நேரம், பளபளன்னு, ஜுஹு முகவரியோட, வழவழ வாயோட இருக்கறவர் மட்டியைத் துளைக்கறார்.

அதுக்காக முகவரியே பிரயோஜனம் இல்லைன்னு சொல்ல வரல. மணல்ல தேடுங்கன்னு அந்தப் பொண்ணு சொல்லலைன்னா நான் ஹாஜி அலி பாறையில ஒரு அப்பாவியைப் பிடிச்சு வச்சுக்கிட்டு கேஸை முடிச்சிருப்பேன். இருக்கற இடம் எங்க தேடணும்னு சொல்லுது. ஓடு எந்தக் குடும்பம்னு சொல்லுது. என்ன செஞ்சார்ங்கறதுக்கு ஓட்டைதான் சாட்சி. மூணையும் சேத்துப் பாக்கணும், அதுக்குக் குனியணும்.

ஓட்டையும் கண்ணை மூடிட்டு நம்ப முடியாதுன்னு மூணாவது தடவ தெரிஞ்சுது. மறுபடி ஹாஜி அலி போனப்ப, பாறைக் குட்டையில நம்ம புள்ளிக்காரர் ஓடு. மணல் ஆளு பாறையில என்ன பண்றார்? நத்தை வேகத்துல இல்லாம குடுகுடுன்னு ஓடறார் வேற! கையில எடுத்தா உள்ள இருந்து ஒரு கொடுக்கு எட்டிப் பாக்குது. துறவி நண்டு. செத்த நத்தையோட ஓட்டுக்குள்ள குடிபுகுந்து, தூக்கிட்டு அலையறவர். வேற ஒருத்தர் ஆதார் கார்டுல அக்கவுண்ட் திறந்த மாதிரி. வாண்டுக்கு ஒரே சிரிப்பு. "அப்பா, உங்க பேங்க்ல இவரைக் கண்டுபிடிப்பீங்களா?" உள்ள எட்டிப் பாத்தா கண்டுபிடிக்கலாம்மான்னேன்.

பிப்ரவரி கடைசியில சித்தப்பா வீட்டுக்குப் போனப்ப, சந்துல விசாரிச்சு அந்தத் தோல் பைக்காரர் பட்டறைக்குப் போனேன். வாண்டும் கூட வந்தா. ஆறு மெஷின் ஓடுது. வேற எங்கயோ அதிக வட்டிக்கு வாங்கி, அடைச்சு, அதுக்கப்புறம் ஒரு கூட்டுறவு சங்கத்துல கடன் வாங்கியிருக்கார். என்னை உடனே அடையாளம் தெரிஞ்சுக்கிட்டார். டீ சொன்னார்.

"அண்ணாச்சி, அன்னைக்கு நான் வந்து பாத்திருக்கணும்"னேன். அதுக்கு மேல வார்த்தை வரல.

அவர் கொஞ்ச நேரம் தையலைப் பாத்துக்கிட்டே இருந்தார். "அந்த வட்டியில மூணு வருஷம் போச்சு சார்"னார். கோவமா சொல்லல, கணக்கு சொல்ற மாதிரிதான் சொன்னார். பிறகு வாண்டைப் பாத்து, "பாப்பா எந்த ஸ்கூல்?"னு கேட்டார். அவ சொன்னா. அப்பறம் கேக்காமலே, "எங்க அப்பா முன்னாடி இங்கதான் இருந்தாங்க, லேபர் கேம்ப்ல"ன்னா. சித்தப்பா சொல்லியிருப்பார் போல.

"அப்படியா சார்? சொல்லவே இல்லையே!"ன்னார் அவர்.

டீ சூடா இருந்துச்சு. மெதுவாக் குடிச்சேன்.

இப்ப வாண்டு ஒரு நோட்டு போட்டிருக்கா. ஒவ்வொரு சிப்பிக்கும் நாலு கட்டம்: ஓடு எப்படி, அடியில எப்படி, எங்க கிடைச்சது, உள்ள யாரு. கடைசிக் கட்டத்துல நிறைய இடத்துல 'யாரும் இல்லை'ன்னு எழுதியிருக்கு. முதல் பக்கத்துல எங்க வீட்டு முகவரி. செம்பூர் முகவரிக்குக் கீழ, அடைப்புக்குறிக்குள்ள, 'அப்பா: தாராவி'ன்னு சேத்திருக்கா. நான் அடிக்கச் சொல்லல.

பி.கு 1: உயிரோட இருக்கற நத்தையைப் பாத்தா பாத்துட்டு அங்கேயே விட்டுருங்க. காலி ஓட்டையும் எடுத்துக் குவிக்காதீங்க, துறவி நண்டுக்கு வீடு வேணும். சில சங்கு வகைகளைச் சேகரிக்கறது வனவிலங்குச் சட்டப்படி குற்றமும் கூட.

பி.கு 2: ஐஸ்கிரீம் கோன் மாதிரி ஒரு பக்கம் அகலமா, ஒரு பக்கம் கூம்பா, வாய் நீளமா ஒடுங்கின பிளவா இருந்தா கையால தொடவே தொடாதீங்க. கூம்பு நத்தை. விஷ ஊசி வச்சிருக்கும், அதுல சில வகை மனுஷங்களையே கொன்னிருக்கு.

பி.கு 3: "எங்க வீட்டுப் பூஜை அறையில இந்த மாதிரி அசைவமெல்லாம் கிடையாது"ன்னு சொல்லப் போறவங்களுக்கு: நம்ம வெண்சங்கு இருக்கே, அவரும் கடலடியில புழுவைப் பிடிச்சுத் தின்னு வளர்ந்தவர்தான்.